துண்டுக்குள் மூன்றாவது கை

அவுரிப்பாளையம் வியாழச் சந்தையில் துண்டுக்கு அடியில் மூன்றாவது கை வந்தபோது, தரகர் பொங்கியண்ணன் முதலில் நினைத்தது, எவனோ தரகில் பங்குக்கு ஆசைப்பட்டு நடுவில் கையை நுழைத்துவிட்டான் என்றுதான். ஆனால் துண்டுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார், அந்தப் பக்கம் மாட்டு வியாபாரி மொய்தீன் ராவுத்தர் நின்றார், நடுவில் ஒரு செவலைக் காளை நின்றது, காளைக்குக் கை கிடையாது.

அந்தச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது வாயால் அல்ல. வாங்குகிறவரும் தரகரும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்து அமுக்கினால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து, ஐந்தைப் பிடித்துவிட்டு ஒரு விரலைப் பிடித்தால் ஆறு, நகத்தால் கோடு இழுத்தால் அரை. கை இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்காது, உங்கள் பக்கம் மழை உண்டா, மருமகள் மாசமாக இருக்கிறாளாமே, மாரியம்மன் நோன்புக்கு ஆட்டம் யார் என்று வேறொரு கதையை ஓட்டிக்கொண்டிருக்கும். நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்ற வகையைத் துண்டுக்குள் யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. மாட்டைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும், எண் மட்டும்தான் துண்டுக்குள் போகும்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, எண்ணை வாயால் சொல்லக் கூடாது. விலை படிந்து துண்டு தோளுக்கு ஏறிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகும், மாட்டின் பழைய கயிற்றை விற்றவர் அவிழ்த்துக்கொண்டு வாங்கியவர் புதுக் கயிறு போடும் வரை, பேரத்தை உடைக்க ஒரு வழி இருக்கிறது: சந்தைக்கே கேட்கிற மாதிரி எண்ணை வாயால் சொல்ல வேண்டும். சொன்னவன் அதோடு துண்டைத் தரையில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவன் போட்ட துண்டை எந்த ஆம்பிளையும் எடுக்க மாட்டான், அவன் கை பிறகு எந்தத் துண்டுக்குள்ளும் போகாது. அப்படி உடைத்தவன் ஊர் நினைவில் ஒருவன்தான். அவன் பேர் என்ன, உடைத்தது எருமையா பசுவா என்பதெல்லாம் மறந்துபோய், அவன் பேரன் பேத்திகள் இருக்கிற வீட்டுக்கு 'வாய்விட்டான் வீடு' என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அவர்களே அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

மாடு விற்க வரும் பெண்களுக்கு இந்தக் கைப்பேச்சு கிடையாது. தரகர் வாங்குகிறவரிடம் எண்ணை வாங்கிக்கொண்டு போய், அத்தனை புளியங்கொட்டைகளை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைப்பார். சம்மதம் என்றால் அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்வாள். இல்லையென்றால் கொட்டை தரகரின் கைக்கே திரும்பி வரும்.

பொங்கியண்ணனிடம் ஒரு ரகசியம் இருந்தது. தை மாதத்திலிருந்து அவருடைய பத்து விரலிலும் உணர்ச்சி இல்லை. சர்க்கரை அதிகமாகிவிட்டது என்றார் டாக்டர். கொதிக்கிற டீ டம்ளரை ஊதாமல் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் அவர் மனைவி பாவாத்தாள் கண்டுபிடித்தாள், அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. குருடன் கடிகாரம் பழுது பார்க்கலாம், ஊமையன் பூ விற்கலாம், கை செத்த தரகன் என்ன செய்வான்? முப்பத்தொரு வருசத் தரகு. முகத்தைப் பார்த்தும், மாட்டின் பல்லைப் பார்த்தும், அன்றைய சந்தை நிலவரத்தை வைத்தும் எண்ணை ஊகித்து எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஊகம் தவறவில்லை. 

அப்படியிருக்கையில்தான் அந்தக் கை வந்தது. காய்ப்புக் காய்த்த, சூடான, நன்றாக உயிருள்ள கை. ராவுத்தரின் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அவருடைய மரத்துப்போன விரல்களில், அந்தக் கை ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. அது ஐந்தைப் பிடித்தது, பிறகு இரண்டைப் பிடித்தது. பொங்கியண்ணன் ஏழு என்று எடுத்துக்கொண்டார். ராவுத்தர் சொன்னதும் ஏழுதான்.

"மாப்ள, உன்ற இன்னொரு கை எங்க?" என்றார் ராவுத்தர், மழையைப் பற்றிக் கேட்கிற குரலில்.

"மாட்டு மேல இருக்குது. உன்றது?"

"இடுப்புல."

இருவரும் துண்டைப் பார்த்தார்கள். துண்டு இரண்டு கை அளவுக்கு மேடாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்க்கக் கூடாது என்பது கட்டுப்பாடு, ஆகவே தூக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நாலு தரகர்களின் துண்டுக்குள் வந்தது, அதற்கடுத்த வாரம் எல்லோருடைய துண்டுக்குள்ளும் வந்தது. புங்க மரத்தடியில் தரகர்கள் கூடிப் பேசினார்கள். பேயா தெய்வமா என்று யாரும் கேட்கவில்லை; அது தரகரா வியாபாரியா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் தரகர் என்றால் பங்கு கொடுக்க வேண்டும், வியாபாரி என்றால் பங்கு வாங்க வேண்டும். நெடுநேரம் வாதாடி, ஒரு கைக்குப் பங்கு கேட்க வாய் இல்லாததால், மரத்தடியில் வாரம் ஒரு வெற்றிலைபாக்கு வைத்தால் போதும் என்று முடிவானது. மதியத்துக்குள் அதை ஆடு தின்றுவிடும், அதனால் கை திருப்தியாக இருப்பதாக ஊர் எடுத்துக்கொண்டது.

சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வேறு மாதிரி. உள்ளே வருகிற ஆளுக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் போட்டிருக்கும் பலகையில் கைக்கு ஒன்றும் போடவில்லையே என்பது அவர் கவலை. ஆள் கணக்கில் சேர்த்தால் அநியாயம், தலைச்சுமையில் சேர்த்தால் தலை இல்லை. கடைசியில் கோழிக்கு உள்ள சுங்கத்தையே விதித்து, வசூலிக்க ஆள் அகப்படாமல் அப்படியே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு முறை துண்டுக்குள் கையை விட்டார். உள்ளே அந்தக் கை அவர் சுண்டுவிரலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியதில், நமக்கு எதற்கு இந்த வியாபாரம் என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அது ஒரே கை இல்லை என்பது ஐப்பசி வாக்கில்தான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை தரகர்கள் வெளியே எடுத்த விரல்களில் எல்லாம் நீலம் ஒட்டியிருந்தது, கழுவினாலும் மூன்று நாள் போகவில்லை. இன்னொரு வியாழக்கிழமை புகையிலைக் காரம், கையைக் கண்ணில் வைத்தவர்கள் எல்லாம் அழுதார்கள். ஒரு வாரம் கடலை எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு வாரம் உப்பு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரிதான் என்றார்கள்.

ஊருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சந்தை கூடுகிற அந்தப் பொட்டலில் எப்போதும் எவனாவது எதையாவது விற்றுக்கொண்டுதான் இருந்தான். முதலில் கடற்கரையிலிருந்து பொதிமாட்டில் உப்பு வந்தது, மலைக்கு ஏறுகிற உப்பு அங்கே இறங்கி இளைப்பாறியது, இறங்கிய இடத்தில் கூலியையும் உப்பாகவே கொடுத்தார்கள், உப்பு நிறைய வைத்திருந்தவன் பெரிய மனிதன், மழை பெய்தால் பெரிய மனிதன் கரைந்துபோனான், பிறகு அவுரி வந்தது, தொட்டி தொட்டியாக ஊறவைத்து அடித்து நீலக் கட்டியாக்கி வண்டியேற்றினார்கள், ஊருக்கும் அதனால்தான் அந்தப் பேர், அந்தக் காலத்தில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்தார்கள், நகம் வெள்ளையாக இருந்தால் வேலை வெட்டி இல்லாதவன், பிறகு எங்கேயோ சீமையில் நீலத்தை அடுப்பிலேயே காய்ச்சிவிட்டார்களாம், தொட்டிகளில் தவளை குடியேறியது, பிறகு பருத்தி, பட்டணத்தில் மில் நின்றால் இங்கே கல்யாணம் நின்றது, பிறகு புகையிலை, அதில் எழும்பிய மாடிவீடுகளில் இன்றைக்கும் தும்மாமல் படியேற முடியாது, பிறகு நிலக்கடலை, செக்கு, லாரி, டூரிங் கொட்டகை, பிறகு மாடு, இப்போது பனியன், ஓடைத் தண்ணீர் சாயத்தில் திங்கள் சிவப்பு, செவ்வாய் பச்சை. ஒவ்வொன்றும் வந்தபோது இனி இதுதான் நிரந்தரம் என்று ஊர் சத்தியம் செய்தது, ஒவ்வொன்றும் போனபோது நான் அப்போதே சொன்னேன் என்றது. வந்ததெல்லாம் அந்தப் பொட்டலில்தான் விலை பேசப்பட்டது, துண்டுக்கு அடியில்தான் பேசப்பட்டது. இத்தனை கை புழங்கிய இடத்தில் ஒன்றிரண்டு மிச்சம் கிடப்பது வழக்கம்தான் என்று சொல்லிவிட்டு ஊர் வேலையைப் பார்த்தது.

கை சொன்னால் நியாயம் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. மூன்றாவது கை ஒப்புக்கொண்ட விலைக்கு மேலே எவரும் கேட்பதில்லை, கீழே எவரும் கொடுப்பதில்லை. பொங்கியண்ணனுக்கு இது தேனில் விழுந்த பலாச்சுளை. எதிராளி எதை அமுக்குகிறான் என்று தெரியாத குறையே போய்விட்டது, மூன்றாவது கை எந்த எண்ணைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டார், அது எதிராளியின் எண்ணாகவே இருந்தது. எட்டு மாதமாகச் சரியாகத் தூங்காத மனிதர் தூங்கினார். அந்தக் கைக்கு என்ன வேலை, அது ஏன் தனக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை. மூழ்குகிறவன் கையைப் பிடித்தவனிடம் ஊர் எது என்று விசாரிப்பதில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழன் நல்லாத்தாள் ஒரு ஜோடி மயிலைக் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதுக்காரி. புருசன் முதுகு பிசகிப் படுத்துவிட்டதால் ஏர் பூட்ட ஆள் இல்லை. அவள் பனியன் கம்பெனித் துணிக்கு வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், பிசிறு வெட்டுகிற கைக்குப் பைசாவில் கூலி, தைக்கிற கைக்கு ரூபாயில் கூலி என்பதைப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். பக்கத்து ஊரில் ஒருவர் இரண்டு ஓவர்லாக் தையல் மிசினை விற்கிறார், நாளைக்குள் போனால் அவளுக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. மாட்டை விற்பதில் அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. தின்பதைத் தவிர இரண்டும் ஒரு வருசமாக ஒரு வேலையும் செய்யவில்லை என்று ஊரிலிருந்து சந்தை வரை அவற்றைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டுப் புளியங்கொட்டைகளைப் பொங்கியண்ணனின் கையில் வைத்தாள். "இதுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் ஒரு மிசினுதானுங்கண்ணா வரும். ஒத்த மிசின வெச்சுட்டு நானு என்ன பண்றதுங்க, ஒரு கால்ல நடக்கறாப்ல. நீங்கதான் பாத்து முடிச்சுக் குடுக்கோணும்."

"பாத்தர்லாம் அம்மிணி," என்றார் பொங்கியண்ணன். எட்டுக் கொட்டையும் தன் கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

ராவுத்தர் மாட்டைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், திமிலைத் தட்டினார். துண்டு விழுந்தது. வாய்கள் ராவுத்தரின் மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேசின. துண்டுக்குள் மூன்றாவது கை வந்தது. அன்றைக்கு அது ஈரமாக, நறநறவென்று உப்புப் பூத்து இருந்தது. அது ஐந்தைப் பிடித்தது. பிறகு ஒன்றைப் பிடித்தது. பொங்கியண்ணன் காத்திருந்தார். இன்னும் இரண்டு விரலைப் பிடிக்கும் என்று காத்திருந்தார். பிடிக்கவில்லை. கை போய்விட்டது.

நல்லாத்தாளின் உள்ளங்கையில் அவர் ஆறு கொட்டைகளை வைத்தார், மீதி இரண்டைத் தனியாகக் கொடுத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை சொல்லுச்சுங்களா?"

"ஆமா."

"அப்பச் சரிங்க. கைக்குத் தெரியாததா." ஆறையும் ஒரு முனையில் முடிந்தாள், இரண்டையும் இன்னொரு முனையில் முடிந்தாள். வழியெல்லாம் திட்டியவள் காளைகளிடம் போய் நின்று ஒன்றன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். 

புதுக் கயிறு வாங்க ஆள் போயிருந்த நேரத்தில் ராவுத்தர் டீக்கடை ஓரத்துக்குப் பொங்கியண்ணனை இழுத்துக்கொண்டு போனார். முப்பது வருசமாக மாப்பிள்ளை மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்.

"அந்தம்மா கொட்ட முடிஞ்சதப் பாத்தேன் மாப்ள. ரெண்டு தனியாப் போச்சே, ஏன்?"

"நீ குடுத்தது அவ்வளவுதான?"

 எண்ணை வாயால் சொல்லக் கூடாதே. ராவுத்தர் பொங்கியண்ணனின் கையை எடுத்தார், துண்டு இல்லாமல், பட்டப்பகலில், டீக்கடை பெஞ்சின் மேல் வைத்து அமுக்கினார். பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். ஐந்து. பிறகு மூன்று.

"நீ பாக்கற," என்றார் ராவுத்தர் மெதுவாக. "கை பேசறப்ப எவனும் கையப் பாக்கமாட்டான் மாப்ள. நீ கண்ணுல பாத்து எண்ற. எத்தன நாளா இப்புடி?"

"தையிலிருந்து."

"அட ஆண்டவனே. என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ எனக்கு விரல் குடுப்பியா? பாவந்தான் பாப்பே." பொங்கியண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "பாவம் பாத்துத் துண்டு போட்டா அது தரகு இல்ல மச்சான், தர்மம்."

ராவுத்தர் நல்ல மனுசன். பேரம் ஆறில் முடிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் போய் நல்லாத்தாளிடம் மீதியைத் தனியாகத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அவள் இரண்டடி பின்னால் போனாள். "வேண்டாமுங்க. கை சொன்ன வெலைக்கு மேல, அதும் மறைவா, நீங்க எதுக்கு எனக்குக் குடுத்தீங்கன்னு நாளைக்கு ஊரு கேக்கும். ஊட்டுல படுத்துட்டிருக்கறவரு கேக்கமாட்டாரு, ஆனா நெனைப்பாரு." அவள் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த ராவுத்தர் தன் துண்டை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "நானே வாயத் தொறந்தர்றேன். எனக்கும் வயசாச்சு," என்றார்.

"உன்ற கைய நம்பி ஏழு பேரு சோறு திங்கறாங்க. அதுமில்லாம தப்பு உன்ற கையில இல்ல."

புதுக் கயிறு வந்துகொண்டிருந்தது. நல்லாத்தாள் பழைய கயிற்றின் முடிச்சில் கை வைத்துவிட்டாள். பொங்கியண்ணன் காளைகளுக்கு நடுவில் போய் நின்று, முப்பத்தொரு வருசமாக அந்தச் சந்தையில் எவர் வாயிலிருந்தும் வராத ஒன்றைத் தொண்டை கிழியச் சொன்னார்.

"எட்டு!"

யாருக்கும் முதலில் புரியவில்லை. எட்டாம் நம்பர் பஸ் வந்துவிட்டது என்று இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக அசையாமல் நின்றது. வாய்கள் மழையையும் மருமகளையும் விட்டுவிட்டன. சந்தை முழுக்க மாடுகள் அசைபோடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அந்தச் சத்தம் அங்கே இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"ராவுத்தர் குடுத்தது எட்டு. நான் சொன்னது தப்பு. என்ற விரல்ல உசுரில்ல, தையிலிருந்தே இல்ல. அந்தக் கை என்ன சொல்லுச்சோ அதையே ராவுத்தர் சொன்னதுன்னு எடுத்துக்கிட்டேன்." அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு, மடிக்காமலே தரையில் போட்டார்.

நல்லாத்தாள் முந்தானையின் இன்னொரு முனையை அவிழ்த்தாள், இரண்டு கொட்டைகளையும் ஆறோடு சேர்த்து முடிந்தாள், அதற்குப் பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "அப்ப பத்து மாசமா செத்த கைய வெச்சுட்டுத்தான் ஊரு மாட்டையெல்லாம் வித்தீங்களாக்கும்? என்ற மாதிரி எத்தன பேரு ரெண்டு கொட்டையத் தனியா முடிஞ்சுட்டுப் போனாங்களோ?"

"தெரியல அம்மிணி."

"தெரியலயாமா." அவள் கயிற்றைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலடி நடந்தவள் திரும்பி வந்து, குனிந்து துண்டை எடுத்துப் பட்டென்று ஒரு உதறு உதறி அவர் கையில் திணித்தாள். "ஆம்பளைங்கதான எடுக்கக் கூடாது? வெறுந் தோளோட பஸ்ஸுல போனா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. ஊட்டுக்குப் போங்க."

பஸ் ஏறும்போதே அவருடைய வீட்டுக்கு 'எட்டு வீடு' என்று பேர் வந்துவிட்டது. வாய்விட்டான் வீட்டார், இனி தங்களைப் பழைய பேரால் கூப்பிட வேண்டாம் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார்கள், பலிக்கவில்லை. நல்லாத்தாள் வீட்டில் இரண்டு ஓவர்லாக்கும் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்கு முதுகு பிசகியவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார், துணி எடுத்துக் கொடுக்கிறார் என்று பேச்சு. மூன்றாவது கை சொல்வது நியாயம்தானா, இல்லை அது தன் பாட்டுக்கு வேறு எதையோ விற்றுக்கொண்டிருக்கிறதா என்று புங்க மரத்தடியில் மறுபடியும் கூடிப் பேசினார்கள். முடிவு கிட்டவில்லை. வெற்றிலைபாக்கை நிறுத்தவும் யாருக்கும் தைரியம் வரவில்லை, ஆட்டுக்குப் பழகிவிட்டது.

பொங்கியண்ணன் வீட்டில் இருந்தார். அந்த ஆறு எந்த ஆறு என்பதுதான் அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மூட்டை உப்பா, உப்புக்கு மாற்றாக ஆறு மாடா, ஆறு நாள் வழியா? துண்டுக்குள் எண் மட்டும்தான் போகும், வகை போகாது. அந்த உப்புக்கைக்காரன் அவனுடைய பேரத்தை அவன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான், நடுவில் கையை நுழைத்தது நாம்தானோ என்று ஒரு நாள் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. தோன்றியதும் கூழை அப்படியே வைத்துவிட்டார். அந்த மனுசனும் துண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம், உன் இன்னொரு கை எங்கே என்று கேட்டிருப்பான்.

மார்கழி பிறந்து முதல் வியாழன், வெயில் ஏறி ஒரு பத்து மணி இருக்கும். சந்தைக்குப் போகிற மாடுகள் எல்லாம் போய் முடிந்து வீதி காலியாகிவிட்டது. மாட்டுக் கொட்டகை ஓரம் கட்டிலில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணனுக்குக் கை பரபரத்தது. மரத்த கை பரபரக்காது, ஆனாலும் பரபரத்தது. பழக்க தோசத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டு, வலது கையை அதற்கு அடியில் விட்டுக்கொண்டார்.

உள்ளே இரண்டு கைகள் இருந்தன.

ஒன்று துடியான கை, அவசரக் கை, வாங்குகிற கை. இன்னொன்று அசையாமல், கட்டையாக, குளிர்ந்து கிடந்தது.  அந்தக் கட்டையை அவருக்குத் தெரியும். எதிரே இருப்பவன் அமுக்குவதும் தெரியாமல், தெரியவில்லை என்று சொல்லவும் முடியாமல், மேலே வாய் எதையோ பேசிக்கொண்டிருக்க, கீழே காத்துக் கிடக்கிற கை அது.

துடியான கை நாலு விரலைப் பிடித்தது.

எந்தக் காலம், எந்த ஊர்க்காரர், எதை விற்கிறார்கள், நாலு என்றால் நாலு என்ன என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் அந்தக் கட்டைக் கையை எடுத்தார், நிதானமாக நாலு விரலைப் பிடித்து அமுக்கினார். ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. சந்தேகம் இருக்கக் கூடாது என்று இரண்டாம் முறையும் அமுக்கினார். அந்தக் கை வெடுக்கென்று ஒரு முறை துள்ளியது. பிறகு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விடவே மாட்டேன் என்கிற மாதிரி. பிறகு விட்டது.

பாவாத்தாள் சொம்பில் மோர் கொண்டுவந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "ஏனுங்க, என்ன வாசம் இது?"

பொங்கியண்ணன் கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். உப்பு இல்லை, அவுரி இல்லை, புகையிலை இல்லை, கடலை எண்ணெயும் இல்லை. அந்த ஊருக்கு இன்னும் வந்து சேராத ஏதோ ஒன்றின் வாசம்.

"வகை தெரியல," என்றார்.

பாவாத்தாள் மடியில் கிடந்த துண்டையும், அவர் முகத்தையும் பார்த்தாள். முப்பத்தொரு வருசமாக வியாழக்கிழமைகளில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "எவ்வளவுக்கு முடிஞ்சுது?"

சொல்ல வாயைத் திறந்த பொங்கியண்ணன் மூடிக்கொண்டார். பக்கத்தில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த புளியங்கொட்டையில் கையை விட்டு, கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்து, நாலே நாலு கொட்டைகளை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். பாவாத்தாள் எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.